குடியும் வீட்டுக்குள் விழும் அடியும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்றைய தலைப்பை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். "நம்ம கூட்டத்துல இதை ஏன் பேசணும்? நம்ம ஆட்கள்ல யாரு குடிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவருக்கு, யார் குடிக்கிறார்கள் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிராமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். பெயர், தெரு எதையும் சொல்லமாட்டேன். யாராக இருக்கும் என்று யாரும் யூகிக்கவும் வேண்டாம்; அந்த யூகத்துக்குப் பொருந்தும் வீடுகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வந்தார். விண்ணப்பத்தில் 'கணவரின் மாத வருமானம்' என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தார். "தெரியாதுன்னு எழுதக்கூடாதும்மா, ஏதாவது ஒரு தொகை போடணும்" என்றேன். "நெசமாவே தெரியாது மாமு" என்றார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. கேட்டதற்கு, குழாயடியில் வழுக்கிவிட்டது என்றார். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

பிறகு கோப்பைப் புரட்டிப் பார்த்து, போன வருடம் கொடுத்த தொகைக்குப் பள்ளி ரசீது வைக்கவில்லையே என்று கேட்டேன். கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்: "ஃபீஸ் கட்டலை மாமு. நீங்க அவர் கையில கொடுத்தீங்க. அந்தக் காசுலதான் அன்னைக்குக் குடிச்சிட்டு வந்தாரு. ஃபீஸ் காசு எங்கேன்னு கேட்டதுக்கு அடிச்சாரு."

உதவித்தொகையைக் குடும்பத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நம் அறக்கட்டளையில் ஒரு விதி இருந்தது. அந்த விதியை எழுதியவன் நான்தான். ஒழுங்குக்காக எழுதினேன். உங்களில் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து, நிய்யத் வைத்துக் கொடுத்த ஜகாத் பணம் ஒரு பெண்ணின் மணிக்கட்டில் போய் முடிந்திருக்கிறது. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. இந்தத் தலைப்பில் பேச எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

மது ஹராம் என்பது இங்கே இருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஏன் ஹராம் என்று கேட்டால், உடம்புக்குக் கெடுதல், தொழுகை போய்விடும் என்று சொல்வோம். ஆனால் மதுவை முழுமையாகத் தடுத்த அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். தடைக்கான காரணத்தை அல்லாஹ்வே அங்கே சொல்கிறான். மதுவையும் சூதையும் கொண்டு ஷைத்தான் உங்களுக்குள் பகையையும் வெறுப்பையும் விதைக்க விரும்புகிறான் என்பது அங்கே முதலில் வருகிறது. அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. ஈரல் கெடுவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. மனிதர்களுக்கு இடையே பகை. அந்தப் பகை முதலில் எங்கே விழும்? சாயங்காலம் போய்ச் சேருகிற இடத்தில்தான். கதவைத் திறக்கிறவர் மேல்தான்.

அந்தத் தடை மதீனாவுக்கு வந்து சேர்ந்த நாளை அனஸ் (ரலி) அவர்கள் விவரித்திருக்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அவர்தான் அன்று ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மது தடுக்கப்பட்டுவிட்டது என்ற அறிவிப்புக் காதில் விழுந்ததும், அதை விசாரித்துவிட்டு வரலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஜாடிகளைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. ஆனால் அந்த நாளுக்கு முன்னால் வருடக்கணக்கான தயாரிப்பு இருந்தது. முதலில் அதன் தீமை நன்மையைவிடப் பெரிது என்று சொல்லப்பட்டது. பிறகு போதையில் தொழுகைக்கு வரக்கூடாது என்று. அதன் பிறகுதான் முழுத் தடை. பழக்கத்தைப் படைத்தவனே அறிந்து, படிப்படியாக இறக்கினான். குடிப்பவரைத் திருத்தப் போகிறவர்கள் இந்தப் படிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒரு கணக்கு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, ஐந்தாவது சுற்று. திருமணமான பெண்களிடம் கணவன் அடித்ததுண்டா, வற்புறுத்தியதுண்டா என்று கேட்டார்கள். அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனோடு வாழும் பெண்களில் 100க்கு 70 பேர் உண்டு என்றார்கள். குடிக்காத கணவனோடு வாழும் பெண்களில் 100க்கு 23 பேர். நாடு முழுவதற்குமான கணக்கு இது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 70 என்பதை மட்டும் பார்த்தால், குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம், கடையை மூடினால் முடிந்தது என்று தோன்றும். 23 இருக்கிறதே, அது என்ன? ஒரு சொட்டும் தொடாதவன் வீட்டிலும் அடி விழுகிறது. ஐந்து வேளை ஜமாஅத்தோடு தொழுகிறவன் வீடாகவும் அது இருக்கலாம். "எனக்குக் குடிப்பழக்கம் இல்லை" என்பதை ஒரு நற்சான்றிதழாக வைத்துக்கொண்டு வீட்டில் கை நீட்டுகிறவர்கள் நம்மிடம் உண்டு.

மது என்ன செய்கிறது? 'இதைச் செய்யாதே' என்று உள்ளே இருந்து இழுத்துப் பிடிக்கிற பகுதி மூளையில் இருக்கிறதே, அதை அது தளர்த்துகிறது. லாரியில் பிரேக் தேய்ந்த மாதிரி. ஆனால் பிரேக் தேய்ந்தால் வண்டி எந்தப் பக்கமும் போகலாம் அல்லவா? இவன் மட்டும் ஏன் ஒரே பக்கம் போகிறான்? குடித்தவன் வழியில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தால் ஒதுங்கி நிற்கிறான். வாரக்கூலி கொடுக்கிற முதலாளி எதிரே வந்தால் சட்டைப் பொத்தானைச் சரி செய்கிறான். கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்கிறான். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் அவனுக்கு நிதானம் தவறுகிறது. "போதையில என்ன செஞ்சேன்னே தெரியல" என்று மறுநாள் சொல்வதை நான் முன்பெல்லாம் நம்பினேன். இப்போது, "போதையில் உங்க அத்தாவை அடிச்சிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்கிறேன். இதுவரை ஒருவரும் ஆம் என்று சொல்லவில்லை.

ஆக, இவர்களுக்கு நோய் இரண்டு. ஒன்று குடி. இன்னொன்று, இவளை அடிக்கலாம் என்று குடிக்கும் முன்பே மனதில் இருக்கிற அனுமதி. குடியை நிறுத்திய பிறகும் அடியை நிறுத்தாதவர்கள் இருப்பது இதனால்தான். முதல் நோய்க்கு மருத்துவர் இருக்கிறார். இரண்டாவது நோய்க்கு மருந்து நம் மிம்பரிலிருந்தும், நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்தும் வரவேண்டும். சிலர் குர்ஆனின் ஒரு வசனத்தில் பாதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த வசனம் யார் மீது இறங்கியதோ அந்த நபி (ஸல்) அவர்கள், தம் வாழ்நாளில் ஒரு பெண்ணையும், ஒரு பணியாளையும் தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வசனத்தின் பொருள் யாருக்கு நன்றாகத் தெரியும், அவர்களுக்கா, நமக்கா?

இனி நம் ஜமாஅத்தின் தனிப்பட்ட சங்கடத்துக்கு வருகிறேன். மற்ற சமூகங்களில் குடிகாரக் கணவனைப் பற்றி ஒரு பெண் தெருவில் நின்று கத்திவிடுகிறாள். நம் பெண்ணால் முடிவதில்லை. மது நமக்கு ஹராம். அதனால் குடிப்பவன் ஒளித்துக் குடிக்கிறான். ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் குடிக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிறார். (சிரிக்காதீர்கள், போகிற வழியில் பஸ்ஸில் ஒருவரை ஒருவர் பார்த்து சலாம் சொல்லிக்கொள்கிறார்கள்.) அவர் ஒளித்ததை அவள் இன்னொரு தடவை ஒளிக்க வேண்டியிருக்கிறது. வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் வராது. 'குடிகாரன் மகள்' என்று பெயர் விழுந்துவிடும். தம்பி நிக்காஹ் நின்றுபோகும். ஆகவே அடியும் வாங்கிக்கொண்டு, வாசனையை மறைக்க வீட்டில் சாம்பிராணியும் போடுகிறாள்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தி: உடலளவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் 100க்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. சொந்தத் தாயிடம்கூட. உதவி தேடியவர்கள் 14 பேர்தான். இது எல்லாச் சமூகத்துப் பெண்களையும் சேர்த்த கணக்கு. நம்மிடம் நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நினைக்க எனக்குத் துணிவில்லை.

அப்படியே ஒருத்தி வாய் திறந்தால் நாம் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "சபூர் பண்ணும்மா." சபூர் பெரிய விஷயம்தான். ஆனால் அதை அடிப்பவனுக்குச் சொல்லாமல் அடி வாங்குபவளுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கணவன்மார் அடிப்பதாக ஏராளமான பெண்கள் நபியவர்களின் குடும்பத்தாரிடம் வந்து முறையிட்டார்கள். அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று நபியவர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். அபூதாவூதில் வருகிறது. இதில் என் மனதில் நிற்பது, அந்தப் பெண்களுக்கு வந்து சொல்ல ஒரு வீடு இருந்தது என்பதுதான்.

இன்னொரு சம்பவம். ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி. ஸாபித், சொர்க்கவாசி என்று நற்செய்தி பெற்ற தோழர், அன்சாரிகளின் பேச்சாளர். அவர் அடித்ததில் ஹபீபாவுக்கு உடலில் முறிவு ஏற்பட்டது என்று அபூதாவூதின் அறிவிப்பு சொல்கிறது. ஃபஜ்ருத் தொழுகைக்காக நபியவர்கள் வெளியே வருகிறார்கள். இருட்டில், வாசலில் ஒரு பெண் நிற்கிறார் என்பது இமாம் மாலிக்கின் முஅத்தாவில் இருக்கிறது. இனி நானும் அவரும் சேர்ந்து இருக்க முடியாது என்கிறார். "அவர் எவ்வளவு நல்ல மனிதர் தெரியுமா, கொஞ்சம் பொறுத்துப் போ" என்று நபியவர்கள் சொல்லவில்லை. ஸாபித்தை அழைத்து, மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடச் சொன்னார்கள். இதில் குடி சம்பந்தப்படவே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஊரில் எவ்வளவு மதிப்புள்ளவர் மீது புகார் வந்தாலும் அது கேட்கப்பட்டது.

நம் ஜமாஅத் பஞ்சாயத்தில் எப்படி நடக்கிறது? முன்வரிசையில் கணவன், அவன் அத்தா, அவன் மாமன். பெண் சார்பில் அவள் அண்ணன் பேசுகிறார். அண்ணனுக்குத் தங்கச்சி வீட்டோடு வந்துவிடுவாளோ என்ற கவலை. எல்லோரும் சேர்ந்து, "இனிமே குடிக்கமாட்டேன்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். அவளை யாரும் கேட்கவில்லை. அந்த நிஸா 35ஆம் வசனம், அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்று இரு பக்கமும் நடுவர் வைக்கச் சொல்கிறது. அவளுடைய நடுவர் அவள் சொல்வதை முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

ஜமாஅத் தவறான பக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரிசாவில் நடந்த ஒன்று. பத்ரக் என்ற ஊர். ஒருவர் குடிபோதையில் மனைவியை மூன்று தடவை தலாக் சொல்லிவிட்டார். போதை தெளிந்ததும் வருந்தினார். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவே விரும்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் விடவில்லை, பிரித்து வைத்தார்கள். அந்தப் பெண் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனார். சேர்ந்து வாழ விரும்புகிறவர்களைப் பிரிக்க யாருக்கும் உரிமையில்லை என்று 2006இல் அங்கே சொன்னார்கள். போதையில் சொன்ன தலாக் பற்றி மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஒரே மூச்சில் சொல்லும் தலாக் செல்லாது, சொல்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்பது 2019 முதல் நாட்டின் சட்டம். நான் கேட்பது வேறு. அவர் குடித்தபோது அந்த ஊர்க்காரர்கள் எங்கே இருந்தார்கள்?

பணக்கணக்கையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். டாஸ்மாக்கில் சாதாரணக் குவார்ட்டர் சுமார் 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200, வருடம் 50,400. மில்லிலோ பேண்டேஜ் தறியிலோ லோடு ஆட்டோவிலோ உழைக்கிறவருக்கு இது என்ன தொகை என்று உங்களுக்கே தெரியும். மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பதையும், அவள் நகையை, சம்பளத்தைப் பிடுங்குவதையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 'பொருளாதார வன்முறை' என்றே வகைப்படுத்துகிறது. அடி விழாத வீட்டிலும் இது நடக்கிறது.

அரசாங்கம் கடையை மூட வேண்டாமா என்று கேட்பீர்கள். மூட வேண்டும் என்பதே என் கருத்து. நம் மாநிலத்தில் 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948க்குள் மாகாணம் முழுவதும் வந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 2003இன் இறுதியில் சில்லறைக் கடைகளையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கடையை அகற்றக் கோரிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி, 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் உயிரை விட்டார். அடுத்தடுத்து வந்த அரசுகள் 2016இலும் 2017இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் பார்த்தோம். அரசு செய்யட்டும், நாம் மனுவும் கொடுப்போம். அதுவரை அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஒரு விஷயம் மட்டும் நம் கையில் இருக்கிறது: மதுவோடு சம்பந்தப்பட்ட பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக வரும் ஹதீஸில் சுமப்பவரும், விற்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் இருக்கிறார்கள். கடைக்கோ பாருக்கோ இடம் வாடகைக்கு விட்டுவிட்டு, முதல் ஸஃப்பில் நிற்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

குடிக்கிற சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களை விரட்டுவதற்காக இந்தக் கூட்டம் கூட்டவில்லை. நபியவர்களைச் சிரிக்க வைக்கும் ஒரு தோழர் இருந்தார். குடித்ததற்காகத் தண்டனை பெற்றார். மறுபடியும் குடித்து மறுபடியும் கொண்டுவரப்பட்டார். ஒருவர் சபித்தார். அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்றார்கள் நபியவர்கள். புகாரியில் இருக்கிறது. தண்டனையும் நடந்தது, சாபமும் தடுக்கப்பட்டது. நமக்கு இரண்டில் ஒன்றுதான் தெரிகிறது: ஒன்று, கண்டுகொள்ளாமல் விடுகிறோம், இல்லாவிட்டால் முகத்தில் விழிக்காமல் ஒதுக்குகிறோம்.

வருடக்கணக்காகக் குடித்த உடம்பு மதுவுக்குப் பழகிவிடுகிறது. அதை மருத்துவர்கள் நோய் என்றே சொல்கிறார்கள். நம் ஆட்கள் பலர் ரமழான் பிறந்ததும் சட்டென்று நிறுத்துகிறார்கள். நல்ல நிய்யத். ஆனால் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை ஜின் பிடித்துவிட்டது என்று தாயத்துக் கட்ட அழைத்துப் போகிறோம். தயவுசெய்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்தினால் ரமழானை நிம்மதியாகப் பிடிக்கலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று மாத்திரை, பொடி விற்கிறார்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் சரியும், உயிர் போகவும் கூடும். குடிப்பவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து அது.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய செல்வந்தக் குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன், இளம் வயதில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அவர் பெயரிலேயே 1980இல் குடிநோய்க்கு சிகிச்சை தொடங்கினார். அங்கே சிகிச்சையில் நோயாளியோடு குடும்பத்தாரையும் உட்கார வைக்கிறார்கள். வசதிக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை, பங்களாவிலும் இதே கதைதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. அவர் சிகிச்சைக்குப் போய் வரும்வரை அவள் அடி வாங்கிக்கொண்டு கூடவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவருடைய வைத்தியம் வேறு, இவளுடைய பாதுகாப்பு வேறு. சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் அதே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, நீ வெளியே போ என்று மிரட்டுவார்கள். கணவனோடு குடும்பம் நடத்திய வீடு அவன் உறவினர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க உரிமை கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். மற்ற ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வரவேண்டிய இடம் நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது. 181 பெண்களுக்கான உதவி எண்; உடனடி ஆபத்து என்றால் 112. இரண்டு ஊரிலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் உண்டு. போலீசுக்குப் போனால் மானம் போய்விடும் என்பவர்களுக்கு என் பதில், மானம் போவது அடித்தபோதே போயாயிற்று.

பிரிவதுதான் வழி என்றாகிவிட்டால் அதற்கும் மார்க்கத்தில் இடம் இருக்கிறது. குலா இருக்கிறது. கணவன் வழக்கமாக அடிப்பதையும், இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காததையும் காரணமாகக் காட்டி மனைவி திருமண முறிவு கேட்கலாம் என்று 1939ஆம் ஆண்டிலேயே முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்துவிட்டது. அதை அப்போது முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஆலிம்களும் இருந்தார்கள். நிக்காஹ் நேரத்திலேயே, இன்னின்ன நடந்தால் பிரிந்துகொள்ளும் உரிமை மனைவிக்கு என்று நிபந்தனை எழுத ஹனஃபி மத்ஹபில் வழி உண்டு. தலாக் தஃப்வீள் என்பார்கள். பெண் வீட்டார் மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் யோசிக்கும் நேரத்தில் கால் பங்கு இதற்கு யோசிக்கலாம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது, "குடிப்பாரா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அவர் அத்தா அவர் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். மக்தபில் ஓதிக் கொடுக்கும் ஒரு உஸ்தாத் சொன்னார்: ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குர்ஆன் மீதே தலை வைத்துத் தூங்கிவிடுவான். பிரம்பை எடுக்கப் போனவர், ஏதோ தோன்றிக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை சம்பள நாள். அத்தா வரும்வரை அம்மா தூங்கமாட்டாள். அம்மா தூங்கும்வரை இவன் தூங்கமாட்டான். எட்டு வயது. உஸ்தாத்மார்களுக்கும் டீச்சர்களுக்கும் என் வேண்டுகோள், தூங்குகிற பிள்ளையை எழுப்புவதற்கு முன் கேளுங்கள். குழந்தைகளுக்கு 1098.

நம் அறக்கட்டளையில் என்ன மாற்றியிருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்வி உதவி இனி யார் கையிலும் ரொக்கமாகப் போகாது. பள்ளிக்கு நேரே போகும், ரசீது தாயின் பெயருக்கு வரும். குடும்பத் தலைவர் கையெழுத்து என்ற விதியை எடுத்துவிட்டோம். விண்ணப்பத்தில் கணவரின் வருமானம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதினால் இனி யாரும் திருத்தச் சொல்லமாட்டார்கள். அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். குடும்பப் பிரச்சனை ஜமாஅத்துக்கு வந்தால், முதலில் பெண் சொல்வதைப் பெண்களே கேட்டு எழுதுவார்கள். அதன் பிறகுதான் ஆண்கள் உட்காருவார்கள். முத்தவல்லி அவர்கள் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். ஆட்சேபம் தெரிவித்தவர்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் இப்போது தாய் வீட்டில் இருக்கிறார். கணவர் இரண்டு முறை சிகிச்சைக்குப் போனார். முதல் தடவை பாதியில் வந்துவிட்டார், இரண்டாவது தடவை முடித்தார். நான்கு மாதமாகக் குடிக்கவில்லை என்கிறார்கள். திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "நீதான் முடிவு பண்ணணும்மா, எந்த முடிவு எடுத்தாலும் பையன் ஃபீஸ் நின்றுபோகாது" என்று மட்டும் சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரும் ஒரு நர்ஸ் சகோதரியும் நம் அலுவலகத்தில் இருப்பார்கள். நோட்டுப் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருக்கும்; சாவி அவர்களிடம், என்னிடம்கூட இல்லை. வருகிறபோது ஆதார், ரேஷன் கார்டு, நிக்காஹ் சான்று நகல் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். முன்வாசல் பள்ளிவாசலைப் பார்த்து இருப்பதால், ஆட்கள் பார்ப்பார்களே என்று தயங்குவதாகச் சொன்னார்கள். ஆகவே சந்துப் பக்கம் உள்ள பின்கதவு அந்த நேரத்தில் திறந்திருக்கும். விளக்கும் போட்டிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.